கட்டிக்கொண்டிருக்கும் வீடு

இனிமேல் முழு வாக்கியத்தில் பேசுவது என்று நாற்பத்தெட்டாவது வயதில் முடிவெடுத்தேன்.

கீட்டோ நகரத்தின் தெற்கு மேட்டில் ஒரு சிமெண்ட் கிடங்குக்கு நான் இரவுக் காவலாளி. வீட்டில் பேசுவது எங்கள் மலைப் பாஷையான கிச்சுவா. வெளியே ஸ்பானிஷ், அதுவும் தந்தி நடை: "நான் வர. கதவு பூட்ட." மேலாளர் சிரிப்பார்.

மகள் விட்டுப்போன பள்ளிப் புத்தகத்தில்தான் ஸ்பானிஷ் வினைக்கு ஒரு வால் உண்டு என்று கண்டுபிடித்தேன். வினைச்சொல்லுக்குப் பின்னால் 'ஆந்தோ' என்றோ 'யேந்தோ' என்றோ ஒட்டிவிட்டால், அது செய்தேனும் இல்லை, செய்வேனும் இல்லை, செய்துகொண்டிருக்கிறேன். காவல் கூண்டில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். செய்தேன் என்று சொல்லிக்கொள்ள என் ஆயுளில் அதிகமில்லை. செய்வேன் என்றால் நம்ப ஆளில்லை. இரண்டுக்கும் நடுவே இப்படி ஒரு நிழல் இருப்பது தெரியாமல் இத்தனை காலம் வெயிலில் நின்றிருக்கிறேன்.

அந்த நிழலில் முதலில் கொண்டுபோய் நிறுத்தியது எங்கள் பின்னறையை. நாலு சுவர் உண்டு, மேலே பிளாஸ்டிக் தாள். போன மழையில் அது கிழிந்து, என் மனைவி சொய்லாவின் தையல் மிஷின் நனைந்து துருப்பிடித்தது. இந்த மழைக்குள் காங்கிரீட் போட வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். அவள் அண்ணன் பசிலியோவும் ஊரிலிருந்து போன் போட்டு அதையே கேட்டார்.

"கட்டிக்கிட்டிருக்கேன் மச்சான்," என்றேன். ஸ்பானிஷில், வாலோடு. மறுமுனையில் மச்சானின் குரலில் மரியாதை ஏறியது.

சொய்லாவுக்கும் அதே மருந்துதான்.

"ஏங்க, பலகை அடிக்க ஆள் பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"கம்பி?"

"விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

"இப்ப என்ன பண்றீங்க?"

"தூங்கிக்கிட்டிருக்கேன்."

"அது ஒண்ணுதான் நிஜம்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சண்டை போடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு நான் தூங்கும் பகல்களில் சுத்தியல் சத்தம் கேட்டது. பக்கத்து வீடாக இருக்கும் என்று புரண்டு படுத்தேன். எங்கள் மேட்டில் எந்த வீடுதான் முடிந்திருக்கிறது? எல்லோரும் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்த நினைப்பில் நன்றாகத் தூக்கம் வந்தது.

ஞாயிறு காலை வேலை முடிந்து வந்தால், வாசலில் மண்வெட்டிகளோடு முப்பது பேர். மிங்கா. எங்கள் ஜனங்களில் ஒருவன் வீட்டில் வேலை நடக்கிறது என்றால் உறவெல்லாம் வந்து இறங்கிவிடும். கூலி கிடையாது, பன்றிக்கறியும் சோளக் கள்ளும் உண்டு. வீட்டுக்காரன்தான் முதல் வாளியைத் தூக்க வேண்டும். தூக்காதவன் சாவுக்குக்கூட அப்புறம் ஒருவரும் வரமாட்டார்கள். சொய்லா அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பின்னறைமேல் பலகை அடித்து, கம்பி கட்டித் தயாராக இருந்தது. ஓரத்தில் நின்ற சிமெண்ட் லாரி, நேற்று மாலை எங்கள் கிடங்கிலிருந்து நானே கேட்டைத் திறந்து சல்யூட் வைத்து அனுப்பியது.

பசிலியோ கட்டிப்பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, ஒத்தை ஆளா கட்டிக்கிட்டிருக்கீங்கன்னு தங்கச்சி சொல்லுச்சு. மனசு கேக்கலை."

நான் கட்டவே இல்லை என்று சொல்லலாம். முப்பது பேர் முகத்தைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த முகங்கள். வாளியைத் தூக்கினேன்.

சாயங்காலம் கூரை முடிந்தது. ஈரக் காங்கிரீட்டின் ஓரமாக உட்கார்ந்தேன். தோள் விண்ணென்று வலித்தது. ஆனாலும் மனசுக்குள் ஏதோ லேசாக இருந்தது. என் ஆயுளில் முதல் முறையாக ஒரு வினைச்சொல்லின் வால் அறுந்திருக்கிறது. கூரை போட்டேன். போட்டேன், போட்டேன் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் நாலு மூலையிலும் ஆள் உயரத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

"இதை ஏன் வெட்டாம விட்டிருக்காங்க?" என்றேன்.

சொய்லா இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தாள்.

"மேல்மாடிக்கு. நீங்க கட்டிக்கிட்டிருக்கீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."