பாடு டீச்சரும் தேவியின் முறையும்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள அத்தனை ஊர்களிலும், அரசாங்கத்தையே வரிசையில் நிற்கவைத்த ஆள் ஒருவர்தான். அவர் தாசில்தார் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அங்கன்வாடி டீச்சர். ஊரில் அவருக்குப் பாடு டீச்சர் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் எங்கள் அலுவலகப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டுக்காரரே, "யாரது, தெரியாதே" என்பார்.

நான் அப்போது அங்கன்வாடிகளுக்கு மேற்பார்வையாளர். வேலையில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. திருப்பாலைவனத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. கஞ்சி போட்ட சேலை, தோல்பை, முகத்தில் ஒரு முறைப்பு, இவ்வளவோடு முதல்நாள் அந்த மையத்து வாசலில் போய் நின்றேன்.

"யாரும்மே நீ? வழில நிக்காத. அவுங்க தண்ணி குடிக்கப் போறாங்க பாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

'அவுங்க' என்று சொல்லப்பட்ட பிரமுகர் அரைஞாண் கயிறு மட்டும் கட்டியிருந்தார். வயது மூன்று இருக்கும். என்னை விலக்கிக்கொண்டு பானையை நோக்கி நடந்தார்.

"நான் சூப்பர்வைசர்."

"இருந்துட்டுப் போ. முட்டைக்கு வந்தியா? வரிசை அங்க கீது."

அதுதான் பாடு டீச்சர். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. முன்பல் இரண்டு கிடையாது. டீச்சர் ஆவதற்கு முன்பு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்தவர். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும்போது பிடித்ததைப் போட வேண்டிய பறிக்கூடையைப் பல்லால்தான் கடித்துக்கொள்ள வேண்டும். அந்த உத்தியோகத்தில் போன பற்கள் அவை. பிள்ளைகளுக்கு 'வாங்க, போங்க'. அதிகாரிகளுக்கு 'வா, போ'. இதுதான் அவர் வைத்திருந்த சட்டம்.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. மீன் நிறைய விழுகிற இடங்களில் இன்றைக்கு இந்தக் குடும்பம், நாளைக்கு அந்தக் குடும்பம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒருத்தன் முறையில் இன்னொருத்தன் வலை இறக்கினால் ஊரே கூடிவிடும். முறை உள்ளவன் காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும் அவன் பாடு அவனுக்குத்தான். கூட்டாளிகள் போய் வலை இறக்கி, மீனைக் கொண்டுவந்து அவன் வீட்டில் கொட்டிவிட்டுப் போவார்கள்.

இந்தப் பெரிய மனிதர்கள் சட்டத்தை டீச்சர் அப்படியே பதினெட்டு வாண்டுகளுக்கும் அமல்படுத்தியிருந்தார். ஒரு மண்பானை, அதில் பதினெட்டு மட்டிச் சிப்பி ஓடு. ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரைந்திருக்கும். படகு ஒரு பிள்ளைக்கு, தேங்காய் ஒரு பிள்ளைக்கு, நண்டு ஒரு பிள்ளைக்கு. தினமும் காலையில் பானைக்குள் கைவிட்டு ஓடு எடுப்பார்கள். ஊஞ்சல் பாடு யாருக்கு, ஜன்னல் பாடு யாருக்கு, தண்டவாளத் துண்டில் கரண்டியால் அடிக்கிற மணிப் பாடு யாருக்கு எல்லாம் அதில் தீர்ந்துவிடும். டீச்சர் மடியில் உட்காரும் மடிப் பாடு என்றும் ஒன்று உண்டு; இதற்குத்தான் கிராக்கி அதிகம். அழுகை, அடிதடி, முடியைப் பிடித்து இழுக்கிற வழக்கு ஒன்றுகூட அந்த மையத்தில் கிடையாது. ஒருமுறை தடுப்பூசி போட நர்ஸ் வந்தபோது அதற்கும் ஓடு எடுத்தார்கள். ஜெயித்த பிள்ளை பெருமையாகக் கையை நீட்டியது. ஊசி உள்ளே போனபிறகுதான் எதை ஜெயித்தோம் என்று அதற்குத் தெரிந்தது.

அவர் பாடம் நடத்திய அழகைக் கேளுங்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு காவல் நிற்கும். ஒருநாள் மையம் பூட்டிக் கிடக்கிறதே என்று தேடிப் போனால், பதினெட்டுப் பிள்ளைகளும் எலும்புக்கூட்டின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சர் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். "இது மண்ட. இது வெலா எலும்பு. எண்ணுங்க பாப்போம்."

நான் பதறி ஓடினேன். "டீச்சர், பச்சப் பிள்ளைங்க பயந்துக்காதா?"

என் முந்தானையை ஒரு சிறுமி இழுத்தாள். அஞ்சலை. மூச்சுவிடாமல் பேசுகிற ரகம். "இவுரு முட்ட வேணாம்னு சொல்ட்டாராம்மா. அதான் இப்டி ஆயிட்டாரு" என்றாள், ரொம்ப வருத்தமாக.

"டச்சுக்காரன் எவ்ளோவோ எடுத்துனு போனான், இத்த மட்டும் எனக்குனு வுட்டுட்டுப் போய்க்கிறான்" என்றார் டீச்சர். அந்த மையத்தில் மட்டும் ஒரு முட்டைகூட மிஞ்சியதில்லை. அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கும், தேவி வராமல் இருந்திருந்தால்.

தேவிக்கு நாலு வயது. கழுத்து நிற்காது, கால் ஊன்றாது, பேச்சு வராது. சந்தோஷம் வந்தால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அவள் அம்மா கன்னியம்மா ஏரியில் இறால் தடவுகிறவள். கூட வேறு ஆள் இல்லை. குழந்தையை வீட்டில் படுக்கவைத்து, கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவாள். ஒருநாள் இது பாடு டீச்சர் காதுக்கு எட்டியது. கயிற்றை அறுத்துப்போட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மையத்துக்கு வந்துவிட்டார். கையோடு பத்தொன்பதாவது மட்டி ஓட்டில் பூப்படமும் வரைந்து பானையில் போட்டார்.

மற்ற தாய்மார்கள் சும்மா விடுவார்களா? வாசலில் கூடிவிட்டார்கள். "அத்தப் பாத்துப் பாத்து எங்க புள்ளைங்களும் அப்டி ஆயிட்டா இன்னா பண்றது?"

"ஒம் புள்ள ரெண்டு வருசமா எம் மூஞ்சியத்தான் பாத்துனு கீறாங்க. பல்லு வுழுந்துச்சா அவுங்களுக்கு?" என்று வாயைத் திறந்து காட்டினார் டீச்சர். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

பேசியது நான்தான். வெட்கத்தோடு சொல்கிறேன். 'இக்குழந்தைக்கு இம்மையம் ஏற்றதன்று. சென்னையிலுள்ள விடுதிக்கு அனுப்பலாம்' என்று குறிப்பு எழுதினேன். விதிமுறை என்று எதையோ படித்துவிட்டு வந்திருந்தேன். பெரிய அதிகாரி ஆய்வுக்கு வரும்போது கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கன்னியம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "அவ்ளோ தூரத்துல அது ராத்திரில சத்தம் போட்டா பசிக்கா வலிக்கானு யாருக்கும்மா தெரியும்?" என்று கேட்டாள். டீச்சரிடம் குறிப்பைக் காட்டியபோது என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா எழுதிக்கிற. கையெழுத்து முத்து முத்தா கீது" என்றார். திட்டியிருந்தால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. ஒரு குழந்தை அவருக்குப் பூக்கொடுத்து, பாட்டுச் சொல்லி வரவேற்க வேண்டும். நான் அஞ்சலையைத் தயார் செய்து வைத்திருந்தேன். டீச்சரோ வழக்கம்போலப் பானையை நடுவில் வைத்தார். ஒரு பிள்ளை கைவிட்டு எடுத்தது. பூப்படம்.

"தேவி! தேவிக்கு வரவேற்புப் பாடு!" என்று அறையே குதித்தது.

நான் டீச்சர் காதருகே குனிந்தேன். "டீச்சர், இன்னிக்கு மட்டும் வேற ஓடு எடுங்களேன்."

"ஒருத்தர் பாட்ட இன்னொருத்தருக்கு எப்டிமே குடுக்கறது? ஊர்ல கேட்டா செருப்பால அடிப்பாங்க."

அவர் அந்தப்பக்கம் திரும்பிய நேரத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், படித்துப் பட்டம் வாங்கிய நான், பூப்போட்ட ஓட்டைப் பானைக்குள் நழுவவிட்டு வேறொன்றை எடுக்கப் பார்த்தேன். பின்னாலிருந்து அரைஞாண் கயிற்றுப் பிரமுகர் அலறினார். "டீச்சர்! இந்தம்மா திருட்டுப் பாடு எடுக்குது!"

பத்தொன்பது ஜோடிக் கண்கள். தேவிகூடத் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தப்புப் பண்ணா இன்னா?" என்றார் டீச்சர்.

"மூல!" என்றார்கள் பிள்ளைகள்.

டீச்சர் கையைக் காட்டினார். நான் போய் மூலையில் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள், அந்தப் பார்வைக்கு முன்னால் நீங்களாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பீர்கள். அதே நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது.

"அங்க என்னம்மா பண்றீங்க?" என்றார் பெரிய அதிகாரி.

"தண்டனை சார்" என்றேன்.

அதற்குள் தேவி வந்துவிட்டாள். மீன் அள்ளுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் பழைய வலையையும் சேலையையும் மெத்தையாகப் போட்டு, முன்னால் கயிறு கட்டி, அவளுக்கென்று டீச்சரே செய்த வண்டி அது. பிள்ளைகள் ஐலசா போட்டு இழுத்துவந்து அதிகாரியின் முன்னால் நிறுத்தினார்கள். தேவி கையில் ஒரு செம்பருத்தி. பக்கத்தில் தண்டவாளத் துண்டு.

"இவுங்களுக்கு வாய்ல பாட்டு வரலிங்க. அத நாங்க சொல்வோம். மணி அடிக்கறது அவுங்கதான்" என்று விளக்கினாள் அஞ்சலை.

தேவி இடது கையால் கரண்டியைத் தூக்கினாள். கை எங்கோ போனது. மறுபடி தூக்கினாள். கரண்டி கீழே விழுந்தது. ஒரு பிள்ளை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பொறுக்காமல் குனிந்து தேவியின் கையைப் பிடித்து உதவப் போனார்.

"தொடாதிங்க! அவுங்க பாடு!" பதினெட்டுக் குரல்.

"ஒக்காரு நைனா. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் டீச்சர்.

பெரிய அதிகாரி தரையில் உட்கார்ந்தார். பதினெட்டு வாண்டுகளும் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூலையிலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கையும் தானாகத் தூக்கித் தூக்கி இறங்கியது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, 'டங்' என்றது.

அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டது. பிள்ளைகள் பாட்டை ஆரம்பித்தார்கள். தேவி தொண்டையிலிருந்து அந்தச் சந்தோஷச் சத்தத்தை எடுத்தாள், எல்லோரையும்விட உரக்க. பூவை வாங்கிக்கொள்ள அதிகாரி குனிந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"என்னமோ கையெழுத்து வேணும்னு எழுதியிருந்தீங்களே" என்று அதிகாரி என்னைப் பார்த்தார். "என் பேனா மாட்டிக்கிச்சு. உங்ககிட்ட இருக்கா?"

என் தோல்பையில் இரண்டு பேனா இருந்தது.

"இல்லை சார்" என்றேன்.

வாசலில் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். ஏரியிலிருந்து நேராக வந்திருந்தாள். சேலைமேல் போட்டிருந்த சட்டையெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வர ஏனோ பயந்தாள். "எம் பொண்ண எடுத்துனு போய்டட்டுங்களா?" என்று கேட்டாள்.

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டாள். "இன்னிக்கு எடுத்துனு போங்க. நாளைக்கு ஜல்தியா வுட்ருங்க. ஓடு எடுக்கும்போது அவுங்க இல்லனா எப்டி?"

கன்னியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அந்தக் குறிப்பைக் கொஞ்சம் திருத்தி எழுதிக் கொடுங்கம்மா" என்றார். திருத்தவா? கிழித்துப் போட்டுவிட்டு, பொன்னேரி பஸ்ஸில் போகும்போதே புதிதாக எழுதினேன். பஸ் ஆட்டத்தில் எழுத்தெல்லாம் கோணல் மாணல். 'இக்குழந்தைக்கு ஏற்ற மையம் இதுவே' என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

மறுநாள் காலையில் ஏரிக்கரைப் பக்கமாகவே மையத்துக்கு நடந்தேன். கன்னியம்மா இடுப்பளவு தண்ணீரில், பல்லில் பறியோடு நின்றிருந்தாள். வழக்கமாக நாலு தடவை குனிந்தால் ஒரு தடவை நிமிர்ந்து கரையைப் பார்ப்பாளாம்; முன்பு குடிசைக் கதவை, என் குறிப்புக்குப் பிறகு மையத்து வாசலை. நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். குனிந்த தலை அன்றைக்கு நிமிரவே இல்லை.

மையத்து வாசலிலிருந்து பாடு டீச்சர் கத்தினார். "இன்னாமே அங்க வேடிக்க? உள்ள வா, கஞ்சி ஆறுது!"

ஓடிப்போய் டீச்சரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மேலதிகாரி ஆயிற்றே, நன்றாகவா இருக்கும் என்று நினைத்து, சும்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு திட்டு திட்டிக்கொள்கிறேன்.