சம்மந்தி எந்த வேஷத்தில் வருவார்?

பாசம் மிகுந்த மகள் ஜெசிந்தாவுக்கு,

லண்டன் நோர்பரியிலிருந்து உன் அப்பா பஸ்தியாம்பிள்ளை தன் சொந்தக் கையால் எழுதுவது. மாதாவின் காவலில் நாங்கள் இருவரும் சுகம், என் வலது முழங்காலைத் தவிர. அதுபோல நீயும் மெல்பேண் ஆஸ்பத்திரியில் கால்கடுக்க நில்லாமல் சுகமாக இருக்க மன்றாடுகிறோம்.

பிள்ளை, எழுத்தைப் பார்த்து அம்மாவின் எழுத்தில்லையே என்று திகைத்திருப்பாய். இது என்னுடையது! இந்தக் குளிர்காலம் முழுவதும் அம்மா குசினி மேசையில் என்னை இருத்தி எழுத்துச் சொல்லித் தந்தார். எழுபது வயது வரைக்கும் கடலையும் மேகத்தையும் மட்டும் வாசித்தவன் இப்போது பால் போத்தல் மூடி தவிர எல்லாவற்றிலும் எழுதிப் பார்க்கிறேன். ‘ழ’ மட்டும் வலையில் விழுந்த திருக்கை மாதிரி இன்னும் திமிறுகிறது. ஒரு வரி எழுத ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் போகிறது. ஆனாலும் நீ கேட்டதற்கு நானே பதில் எழுதவேண்டும் என்று அம்மாவைப் பக்கத்தில் வரவிடவில்லை.

நீ கேட்டது கொலின் என்ற அந்தப் பிள்ளையைக் கட்ட என் சம்மதம். அதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். வெள்ளைக்காரப் பிள்ளை என்பதல்ல என் பயம். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறது, அது போதும். என் பயம் தகப்பன். உன் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான் பாசையூரிலிருந்து நாவாந்துறைக்குப் போய், மீன் சந்தையில் கேட்டு, கள்ளுத் தவறணையில் கேட்டு, கோயில் மணி அடிக்கிறவரிடமும் கேட்டு, மாப்பிள்ளையின் தகப்பன் நித்திரையில் குறட்டை விடுவார் என்பது வரைக்கும் விசாரித்துக்கொண்டுதான் வெற்றிலைத் தட்டைத் தொட்டேன். அவுஸ்திரேலியாவில் நான் ஆரை விசாரிப்பேன்? அப்படி யோசித்துக்கொண்டு, மீனும் மரக்கறியும் வீடியோக் கசெற்றும் ஒன்றாக விற்கிற நம்முடைய ஸ்ரீஸ்கந்தராஜாவின் கடையில் நின்றபோது, கொலினின் தகப்பன் பெயர் றோலன்ட் மக்பீ, பழைய நடிகராம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சூடை மீனைத் தராசிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, மக்பீயோ? அந்த நாட்டுப் பழைய படங்களிலை அவர் இல்லாத படம் இல்லை. பகலிலை ரிவியிலை போடேக்கை நான் கசெற்றிலை பிடிச்சு வைச்சிருக்கிறன். கொண்டுபோய்ப் பாருங்கோ. பாத்துப்போட்டுப் பெட்டையைக் குடுக்கலாமோ எண்டு நீங்களே சொல்லுங்கோ.”

விசாரிக்க வழி கிடைத்ததே என்று நான் சந்தோஷமாகக் கசெற்றுகளைச் சுமந்து வந்தேன். அன்றைக்குப் போன நித்திரைதான். முதல் படத்தில் உன் மாமனார் செம்மறியாட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவர். குடி என்றால் அப்படி ஒரு குடி. குடிக்கக் காசில்லாமல் பெண்சாதியின் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டுபோய் விற்கிறார். அந்தப் பெண் வாசலில் நின்று பார்க்கிறாள். அம்மா எழும்பி வந்து தன் மெசினுக்குத் துணி போர்த்தினார். இரண்டாவதில் பொலிஸ் சாஜன். பாலைவனத்தில் கைதியைக் குதிரைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறார், தண்ணீரைத் தான் குடித்துவிட்டு மிச்சத்தை மண்ணில் ஊற்றுகிறார். மூன்றாவதில் வெளிச்சவீட்டுக்காரர், கூடப்பிறந்த தம்பியைக் கடலில் தள்ளிவிட்டு மேலே ஏறிப்போய் விளக்கைத் துடைக்கிறார். அந்தத் துடைப்பைப் பார்த்துவிட்டு நான் எழும்பிப்போய் வாசல் கதவைப் பூட்டினேன். நான்காவதில் பெண்சாதி செத்த கிழவன், மகள் வயதில் ஒரு பெட்டையைத் தனக்கே பெண் கேட்டுப் போகிறார். இதெல்லாம் நடிப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும் பிள்ளை. ஆனால் ஐந்தாவதில் அவர் பங்குச் சுவாமியாக வந்தார். காய்ச்சல்காரரைத் தோளில் சுமக்கிறார், கண்ணில் ஒரு பொய் இல்லை. அம்மா முழங்காலில் நின்றார். அப்போதுதான் எனக்கு உண்மையான நடுக்கம் பிடித்தது. கெட்டவன் வேஷம் ஆருக்கும் வரும். இவ்வளவு நல்லவனாகவும் ஆகத் தெரிந்த ஆள் வீட்டில் ஆராக இருப்பார்?

நீ சிரிப்பாய். கஸ்பரின் கதை உனக்குத் தெரியாது. யேசுவின் பாடுகளைக் காட்டுகிற எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் யூதாஸாக நடித்தவன். தங்கமான பெடியன், ஒரு வெற்றிலைகூடப் போடமாட்டான். ஆனால் காசுப் பையை வாங்கும்போது அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை ஊர் முழுவதும் கண்டுவிட்டது. ஏழு வருஷம் ஒருவரும் பெண் கொடுக்கவில்லை. கடைசியில் சுவாமியார் இரங்கி அவனுக்கு யேசுவின் அன்புச் சீடர் அருளப்பரின் வேஷம் கொடுத்தார், அடுத்த தையில் கலியாணம் நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு, கசெற்றைத் திருப்பிக் கொடுத்து வந்த அன்றே உன் அடுத்த கடிதம்: ‘கொலினின் அப்பா நாடக வேலையாக லண்டன் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய உங்களைப் பார்க்க வருவார்.’

எந்த ஆள் வருவார்? இதுதான் கேள்வி. வந்து துணைக்கு நிற்கச் சொன்னால் உன் அண்ணனுக்கு ஞாயிறும் ஷிப்ட், ஆம்பிளை என்று வீட்டில் நான் ஒருவன். ஆட்டுக்காரன் வந்தால் என்று விஸ்கிப் போத்தலை அரிசி வாளிக்குள் புதைத்தேன். தையல் மெசினை மாடிக் குளியலறைக்குத் தூக்கினேன், அதில்தான் முழங்கால் போனது. சாஜனுக்காகத் தண்ணீர்ச் செம்பை மேசை நடுவில் வைத்தேன். பெண்சாதி செத்தவன் வந்தாலும் வரலாம் என்று உன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

“என்னப்பா செய்யிறியள்? சம்மந்தி வாற வீடோ, கள்ளன் வாற வீடோ?” என்று அம்மா நண்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“எடியே, அஞ்சு பேரிலை ஒருத்தன் வாறான். ஆர் எண்டு உனக்குத் தெரியுமோ?”

“சுவாமியார் வந்தால் மெசினைக் கீழை இறக்குவியளோ?”

“சுவாமியார் வந்தால் இன்னும் கவனமாய் இருக்கவேணும்!”

வாசல் மணி அடித்தது. சங்கிலியைக் கழற்றிக் கதவைத் திறந்தேன். மழைக்குள் உயரமான ஒரு கிழவர், கையில் தொப்பி, மறு கையில் பூ. தலை முழுக்க நரை. கண் மட்டும் கசெற்றில் கண்ட அதே கண். உள்ளே வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல், தொப்பியை நெஞ்சோடு பிடித்து, தமிழில், கேள் பிள்ளை, தமிழில் சொன்னார்:

“ஐயா, உங்கட மகளைக் கேட்டு வந்தனான்.”

எனக்குக் காது அடைத்தது. “ஆருக்கு?” என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. தன் நெஞ்சிலே கையை வைத்து, “உங்கட மகளைக் கேட்டு வந்தனான்” என்றார்.

“பிலோமினா! நாலாவது ஆள்! நாலாவது ஆளடி வந்திருக்கிறான்!”

“சத்தம் போடாதேங்கோ, மனுஷனுக்கு வேர்க்குது” என்று அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். உண்மையாகவே வேர்த்தது. தொப்பி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்து பூவையும் போட்டார். பிறகு சுவாமியாரின் இளகிய குரலில் அதே வசனம். நான் தலையை ஆட்டவில்லை என்று கண்டதும் சாஜனின் குரலில் அதே வசனம், சுவர் அதிர. ஆள் ஆளாக மாறினார், சொல் மட்டும் மாறவில்லை. எந்தக் குரலிலும் உன்னைத் தனக்கே கேட்டார்! நான் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவருடைய வீட்டுக்காரி உயிரோடு இருக்கிறாவா என்று கேட்கச் சொன்னேன். அம்மா ஆஸ்பத்திரி லோண்டரியில் துணி தோய்த்துப் பழகிய இங்கிலீசில் வேறு விதமாகக் கேட்டார்: உங்களுக்கோ, உங்கள் மகனுக்கோ? அந்த மனுஷன் இரண்டு கையாலும் முகத்தை மூடினார். பிறகு, “மகனுக்கு! மகனுக்கு! மகனுக்கு!” என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். நீ சொல்லிக்கொடுத்த வசனத்தில் அந்த ஒரு சொல்லைப் பயத்தில் விட்டுவிட்டாராம்.

பிள்ளை, அந்த நேரத்தில் என் பயம் தண்ணீரில் விழுந்த உப்பு மாதிரிக் கரைந்தது. இவ்வளவு படத்தில் இவ்வளவு பேரை மிரட்டிய மனுஷன் என் வீட்டுக் கம்பளத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார், என்னைப் பார்த்து! நான் கதிரைக்கு முன்னால் வந்தேன். முதுகில் தட்டி, “பயப்பிடாதேங்கோ சம்மந்தி, நான் ஒண்டும் செய்யமாட்டன்” என்றேன். அரிசி வாளிக்குள்ளிருந்து போத்தலை எடுத்து அரிசியைத் தட்டிவிட்டு ஊற்றினேன். ஒரு கிளாசோடு நிறுத்திக்கொண்டார், அதையும் கவனித்தேன். நண்டுக் கறியை விரலால் சாப்பிட்டார். பிறகு அம்மாவைக்கொண்டு துணிந்து கேட்டேன், அந்த ஐந்து பேரில் நீங்கள் ஆர் என்று. கொஞ்சம் யோசித்தார். ஒருவரும் இல்லையாம். வீட்டில் அவர் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிற ஆளாம், அதையும் கிழமை மாறி வைத்து ஏச்சு வாங்குவாராம். இதுபோதும். நாவாந்துறையில் விசாரித்திருந்தாலும் இதைவிட நல்ல பதில் கிடைத்திராது.

ஆகையால் மகளே, என் முழுச் சம்மதம். பயந்த தகப்பனின் பிள்ளை உன்னை ஏசவும் யோசிக்கும். அந்தக் குடும்பத்துக்குத் துணிவு வேண்டுமென்றால் உன் அப்பா இருக்கிறேன் என்று சொல்லு. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் வீட்டில் உலை ஒருநாளும் ஆறாதிருக்கட்டும். கொலின் தம்பிக்கும் அவருடைய தாயாருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு, தானே கையொப்பம் வைக்கும் உன் அப்பா,
பஸ்தியாம்பிள்ளை

பிற்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்க இதை அம்மாவிடம் கொடுத்தேன். பிழை பார்க்காமல் சிரித்தார். என்னடி என்றேன். சம்மந்தி போகும்போது குசினியில் அம்மாவிடம் மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறார். அவர் ஒரு சொல்லையும் மறக்கவில்லையாம். நான் கதவைத் திறந்தபோது சங்கிலியைக் கழற்ற முடியாமல் என் கை நடுங்கியதைக் கண்டாராம். இந்த மனுஷன் என்னைவிடப் பயந்திருக்கிறார், நான் இவரைவிடக் கூடுதலாகப் பயந்து காட்டினால்தான் இவர் ஆறுவார் என்று நினைத்து, ‘மகனுக்கு’ என்பதைத் தெரிந்தே விட்டாராம். தொப்பி, பூ எல்லாம் நடிப்பு. வேர்வையை எப்படி வரவழைத்தார் என்று அம்மாவுக்கும் தெரியாது. ஆகவே துணிவைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டு வாசி. எனக்கு இப்போது முந்தியதைவிடப் பயமாக இருக்கிறது, ஆனால் சம்மதத்தை அடிக்காதே. ஒன்றுமட்டும் கேட்டு எழுது. கலியாணத்தன்று உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னால் நான் கோயிலுக்குள் நடக்கவேண்டும். என் கை நிச்சயமாக நடுங்கும். அவரை முன் வரிசையில் எனக்குத் தெரியக்கூடிய இடத்தில் நிற்கச் சொல்லு. அவருக்கும் நடுங்கட்டும்.