உஷ் சாருக்கு மாற்றல்

காசாளர் அம்மாள் டீயைக் கலக்க ஆரம்பித்தாள். கண்ணாடி டம்ளர், எவர்சில்வர் கரண்டி. டிங், டிங், டிங்.

பக்கத்து மேசையில் குடிநீர் வரி போட்டுக்கொண்டிருந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். இந்த அம்மாள் டம்ளரையே கரைத்துவிட்டுத்தான் ஓய்வாள் போலிருந்தது.

"உஷ்ஷ்..." என்றார், தன்னையறியாமல்.

"என்ன சார், காரமா ஏதாவது சாப்பிட்டீங்களா?"

உஷ் சார் என்று அந்தக் குடிநீர் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் வந்தது இப்படித்தான். யாராவது பேனா முனையை டக்டக்கென்று அழுத்தினால் உஷ். மூக்கை உறிஞ்சினால் உஷ். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்து வாய் ஒரே சமயத்தில் மெல்லும்போது அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, தனக்குத் தானே உஷ் சொல்லிக்கொள்வார். கேட்டால் திமிர் என்பார்கள். திமிருமில்லை, மண்ணுமில்லை. மெல்லுகிற சத்தம் கேட்டால் அவருக்கு முதுகுத்தண்டில் யாரோ சீப்பால் வாருவது போலிருக்கும். பாவம், அவர் என்ன செய்வார்?

சண்டை போடுவதைவிடத் தந்திரம் நல்லது என்று, மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கரண்டி வாங்கிக் காசாளர் அம்மாளிடம் கொடுத்தார்.

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்குன்னு ஒரு பொருள் வாங்கிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான் சார்."

பதில் மரியாதையாக அடுத்த நாள் அரைக் கிலோ வறுத்த கடலையோடு வந்தாள். நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இழுத்த சத்தமே பாதி உயிரை எடுத்துவிட்டது, மீதியைக் கடலை எடுத்தது.

"எடுத்துக்கோங்க சார், கூச்சப்படாதீங்க. நல்லா மொறுமொறுன்னு இருக்கு பாருங்க."

"தெரியுது மேடம். நல்லாவே தெரியுது."

வேறு வழியில்லாமல் மேலதிகாரியிடம் போய் நின்றார்.

"சார், என் சீட்டை மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுத்தீங்கன்னா..."

"போன வாரம் ஃபேன் கீச்சுங்குதுன்னு வந்தீங்க. அதுக்கு முன்னாடி வாட்ச்மேன் செருப்பு சரக்குங்குதுன்னு வந்தீங்க. இன்னொரு தடவை சத்தம் சத்தம்னு இந்த ரூமுக்குள்ள வந்தீங்கன்னா, பம்ப் ஹவுஸ்தான். சொல்லிட்டேன்."

உஷ் சார் அப்படியே பின்னால் நகர்ந்து வெளியே வந்துவிட்டார்.

பம்ப் ஹவுஸ் ஊருக்கு வெளியே, ஏரிக்கரையில் இருந்தது. ராட்சச மோட்டார்கள் ராத்திரி பகல் பாராமல் ஓடும் இடம். அந்த அலுவலகத்தில் பம்ப் ஹவுஸ் என்ற வார்த்தையைச் சொன்னால் வாய் பேசுகிறவனெல்லாம் அடங்கிவிடுவான். அங்கே போன ஒருவன் ஒரே மாதத்தில் சொந்தப் பெண்டாட்டியின் பெயரையே மறந்துபோனானாம். அந்தக் கட்டடத்தின் மேல் காக்காய்கூட உட்காராதாம். ஒரு கரண்டிக்கே இந்தப் பாடு என்றால், மோட்டாருக்கு? உஷ் சார் இந்தக் காது தொல்லையால் ஏற்கெனவே இரண்டு வேலைகளை விட்டவர். இந்த வயதில் மூன்றாவதையும் விட்டால் வேறு யார் கூப்பிட்டுக் கொடுக்கப்போகிறார்கள்?

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். நல்ல மனுஷி அவள். அவர் வருவதற்குள் பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். வளையல் போடுவதையே விட்டிருந்தாள். சொந்த வீட்டில் பூனை மாதிரி நடக்கிறாளே என்று அவருக்குள் ஒரு வருத்தம் எப்போதும் உண்டு.

"இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தொங்கப்போடறீங்க?" என்றாள். "காதுல கொஞ்சம் பஞ்ச அடைச்சுக்கிட்டுப் போங்க. யார் பேசினாலும் தலையாட்டுங்க. நம்ம கல்யாணமான புதுசுல எல்லாத்துக்கும் தலையாட்டினீங்களே, அந்த மாதிரி."

மறுநாள் சொர்க்கம். காசாளர் அம்மாள் பேசுவது தொட்டிக்குள் மீன் வாயைத் திறந்து மூடுவது போலிருந்தது. இவர் தலையாட்டினார். அவள் சிரித்தால் சிரித்தார். அவள் முகம் சுருங்கினால் 'அடடா' என்று தானும் சுருக்கினார்.

அன்று சாயங்காலமே அம்மாள் அலுவலகம் பூராவும் சொல்லிவிட்டாள். "உஷ் சார் மாதிரி தங்கமான மனுஷனப் பாக்க முடியாது. என் நாத்தனார் பண்ணின அக்கிரமத்தை எல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். நடுவுல ஒரு வார்த்தை பேசலையே!"

செய்தி மேலதிகாரிக்குப் போனது. புகார் கவுண்டரில் உட்காருகிறவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காமல் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. அவர் உஷ் சாரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். இவர் தலையாட்டினார். திங்கட்கிழமை காலையில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஆளாக ஒரு அம்மா காலிக் குடத்தைக் கொண்டுவந்து கவுண்டரில் ணங்கென்று வைத்தாள். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, குழாய் திருகு கழன்றுவிட்டது, ஊழியர்கள் எல்லாம் தூங்குமூஞ்சிகள் என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். உஷ் சார் கன்னத்தில் கை வைத்துத் தலையாட்டினார். கத்தியவள் மெல்ல மெல்ல அடங்கினாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் சார். ஒரு மனுஷன் நான் சொல்றத முழுசாக் கேட்டீங்களே, அதுவே எனக்குப் போதும்."

இதெல்லாம் அவருக்குப் பிற்பாடு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

பேர் பரவிவிட்டது. வரிசை வாசலைத் தாண்டியது. வீட்டில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறவர்கள்கூட வந்து நின்றார்கள். மாமியாரோடு சண்டை போட்டவர்கள் வந்தார்கள், அந்த மாமியார்களும் வந்தார்கள். கூட்டம் கூடக்கூட இரைச்சலும் கூடியது. பஞ்சைத் தாண்டிக் கசியத் தொடங்கியது. உஷ் சார் பஞ்சைக் கூட்டினார். இப்போது பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு மேலதிகாரியே வந்து எதிரில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் என்னென்னவோ பேசினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், வீட்டில் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று உஷ் சார் உருக்கமாகத் தலையாட்டினார். மேலதிகாரி சட்டென்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நம்ப முடியாதவர் போல மறுபடி எதையோ கேட்டார். உஷ் சார் பல் தெரியச் சிரித்துக்கொண்டு மறுபடி தலையாட்டினார்.

காலையில் உத்தரவு வந்துவிட்டது. பம்ப் ஹவுஸ் பொறுப்பாளர்.

காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினார்.

"சார்! என்ன சார் இது? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பா? யாரு சொன்னது?" மேலதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். "பம்ப் ஹவுஸ் பொறுப்புக்கு ஆளே கிடைக்கலன்னு எனக்கு மேல இருந்து நெருக்கறாங்க. கேட்டவன்லாம் லீவு போட்டுட்டு ஓடிட்டான். நேத்து உங்க கிட்ட மனசு விட்டுச் சொல்லிட்டு, நீங்க போறீங்களான்னு சும்மாதான் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சரின்னீங்க! நான் உங்களப் பத்தி என்னென்னவோ நினைச்சிருந்தேன். மன்னிச்சிடுங்க சார்."

அவர் இவரை 'சார்' என்றது அன்றுதான். காதில் பஞ்சு இருந்தது என்று எந்த வாயால் சொல்வது? அந்தக் குடத்து அம்மா முதல் இத்தனை பேர் வயிற்றெரிச்சலையும் அல்லவா வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்!

வீட்டில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எதுக்குங்க தலையாட்டினீங்க?"

"நீதானே பஞ்சு வைக்கச் சொன்ன?"

"காதுக்குத்தானே பஞ்சு வைக்கச் சொன்னேன்? மனுஷன் பம்ப் ஹவுஸ்னு சொல்றப்ப கழுத்து கொஞ்சம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

பிறகு அவளே சமாதானமானாள். முடியவில்லையென்றால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும்படியும், வேலையைவிட மனுஷன்தான் தனக்கு முக்கியம் என்றும் சொன்னாள். உஷ் சாருக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்காகவாவது ஒரு நாள் தாங்கிவிடுவது என்று கிளம்பினார்.

பம்ப் ஹவுஸ் கதவைத் திறந்ததும் சத்தம் வந்து மேலே விழுந்தது. உஷ் சார் கையால் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உடம்பு நடுங்கப்போகிறது என்று காத்திருந்தார். நடுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அடைமழை தகரத்தின் மேல் கொட்டுவது போல, ஏற்றமுமில்லாமல் இறக்கமுமில்லாமல், ஊங் என்று ஒரே ஓசை. அவ்வளவுதான்.

காதிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். மோட்டார் அறையை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவன் டம்ளரில் கரண்டியை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வாயைத் திறந்துகொண்டு பிஸ்கட் மென்றான். மூன்றாமவன் விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தான். உஷ் சார் பதறிப்போய்ப் பல்லைக் கடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே நுழைந்து கிட்டே போனார். கேட்கவில்லை. மென்றுகொண்டிருந்தவன் வாயருகே காதைக் கொண்டுபோய் வைத்தார். ஊஹூம்! கரண்டி இல்லை, கடலை இல்லை, மூக்கு இல்லை, செருப்பு இல்லை. உலகத்தில் உள்ள அத்தனை சின்னச் சத்தங்களையும் அந்தப் பெரிய சத்தம் மொத்தமாக விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது.

பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நிம்மதி அவருக்கு வாய்த்ததில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தானும் கடித்தார். பிஸ்கட் மென்றுகொண்டிருந்த மோட்டார் ஆபரேட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதிக்கலாம் போலிருந்தது, கிட்டத்தட்டக் குதித்தேவிட்டார்.

ஆபரேட்டர் அவரைப் பார்த்துப் புரிந்ததுபோல் சிரித்தான். கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், காதோடு வாயை வைத்துச் சொன்னான்:

"ஆபீஸ் பக்கம் போறப்ப மட்டும் மூஞ்சிய உம்முனு வச்சுக்கோங்க சார்; வேற யாரும் இந்த இடத்துக்கு ஆசைப்பட்டுடக் கூடாதுன்னு, பம்ப் ஹவுஸ் நரகம்னு அத்தனை கதையையும் கட்டிவிட்டதே நாங்கதான்!"