ஓவர்லோடு ஆடுகளும் ஒரு கண்டக்டரும்

பக்கத்து வீட்டு மனிதர்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் போதவில்லையே என்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சியில் எனக்கு வீட்டுக்காரராக இருந்தவர். வெள்ளிமலை பஸ்ஸில் ஒரு ஆயுள் முழுக்க விசில் ஊதி ரிடையர் ஆனவர் என்பதால் தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் கோயமுத்தூரில். கண்டக்டருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை.

நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். மாடி அறையை வாடகைக்குக் கேட்டுப் போனபோது, கல்யாணம் ஆச்சா, சிகரெட் உண்டா என்ற வழக்கமான கேள்வி எதுவும் வரவில்லை. நேராக மாடிக்கு அழைத்துப் போய் ஜன்னலைத் திறந்தார்.

"இங்கேர்ந்து பாத்தா இன்னா தெரியுது?"

"கொட்டாய் தெரியுதுங்க. ஆடு நிக்குது."

"எத்தினி?"

"ஆறு."

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. நாளைக்கே வந்துடு வாத்தியாரே."

அந்தக் கொட்டாய் ஸ்டெல்லா அக்காவுடையது. கணவர் திருப்பூரில் வேலையாக இருக்க, அக்கா தனி ஆளாக ஆறு ஆடு, ராணி என்று ஒரு பசு, ஒரு கும்பல் கோழி இத்தனையையும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். ராணியின் உடம்பு மினுமினுப்பைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். கண்டக்டர் கண்ணுக்கு மட்டும் குறைகளாகவே தெரிந்தன.

நான் குடியேறிய முதல் ஞாயிற்றுக்கிழமையே காம்பவுண்டுச் சுவரோரம் விசில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் மேல் நின்றுகொண்டு கண்டக்டர் கொட்டாயை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா ஸ்டெல்லா, இது நாலு ஆடு நிக்கிற எடம். ஆற ஏத்தி வச்சிருக்க. ஓவர்லோடும்மா!"

ஸ்டெல்லா அக்கா சாணி வாரிய கையோடு நிமிர்ந்தார்.

"யோவ் கண்டக்டரே, நீ மல மேல எத்தினி பேர ஏத்திக்கினு போன? எங்க சித்தப்பன பஸ்ஸு மேல மூட்டையோட மூட்டையா ஒக்கார வச்சிக்கினு போனவன்தான நீ? வந்துட்டான், ஆட்டுக்கு சீட்டு எண்ணுறதுக்கு!"

கண்டக்டர் ஸ்டூலைவிட்டு இறங்கினார். மூன்று நாள் விசில் இல்லை. நான்காம் நாள் டீ குடிக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"அது சொன்னது நெசந்தான் வாத்தியாரே. ஏத்திக்கினுதான் போனேன். ஏத்தலன்னா சனங்க நடந்தே மல ஏறணும். ஆடு, கோழி எல்லாத்தயும் மேல கட்டிப்புடுவோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஆடு கத்தும் பாரு... எறங்குறவங்கள்ல ஒருத்தராவது என்ன திட்டிருக்காங்க. ஆடு யாரத் திட்டும்?"

இதைக் கேட்ட பிறகு எனக்கு அவரைக் கேலி செய்ய மனசு வரவில்லை. ஒரு வாரம்.

அடுத்த வாரம் என்னைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா.

"மாடு எங்கங்க?"

"வூட்ல இருக்குதுங்க."

"இன்னா பண்ணுது?"

"பெருமூச்சு உடுதுங்க."

"எப்படி?"

கேட்டிருக்கக் கூடாது. கண்டக்டர் தலையைத் தொங்கவிட்டு, கண்ணைப் பாதி மூடி, அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு விட்டுக் காட்டினார். வெளியே ஊசிக்குக் காத்திருந்த நாய் எழுந்து நின்றது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த குடற்புழு படத்தைப் பார்த்தேன்.

"மாடு உங்களுதா?"

"இல்லிங்க. ஸ்டெல்லாம்மாவுது."

"அவங்க ஏன் வரல?"

"நாங்க வந்திருக்கறதே அவுங்களுக்குத் தெரியாதுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ராணியா? நான்தாங்க செக் பண்ணேன். அது செனை மாடு. வயித்துல கன்ன வச்சிக்கினு நின்னா நானும்தான் பெருமூச்சு உடுவேன். போய்ட்டு வாங்க."

செனை என்று தெரிந்ததும் கண்டக்டரின் கவலை இரட்டிப்பானது. சித்திரை வெயிலில் ராணிக்கு நிழல் பத்தவில்லை என்று ஒரு பச்சை வலை வாங்கி, யாரையும் கேட்காமல் சுவர் மேல் ஏறிக் கட்டினார். கடைசி முடிச்சுப் போடும்போது அந்தப் பக்கம் சரிந்து, நேராக எருக்குழியில் விழுந்தார். ஸ்டெல்லா அக்காதான் கை கொடுத்துத் தூக்கினார்.

"எறங்குறதுக்கு முன்னாடி விசில் அடிக்கறதில்லயா கண்டக்டரே?"

ஆனால் வலையை அவிழ்க்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில்தான் பெரிய சம்பவம். வெள்ளிமலையில் இருந்த அக்காவின் அம்மாவுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. அக்கா வடக்கனந்தலில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார். கண்டக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் தோற்றுப்போன மாதிரி ஆகுமே.

தம்பி அன்று சாயங்காலம் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. ஆடுகள் கத்தின. ராணி கத்தியது. கண்டக்டர் சுவருக்கும் வாசலுக்குமாக நடந்தார். பத்து மணிக்கு, "இன்னா ஆனாலும் ஆவட்டும்" என்று சுவரேறிக் குதித்தார். தண்ணீர் காட்டினார், தீவனம் வைத்தார். ராணி தீவனத்தைத் தொடவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது.

"வலி கண்டுருச்சி வாத்தியாரே! டாக்டரம்மாவுக்குப் போன் போடு!"

நான் மாடி ஜன்னலிலிருந்தே போட்டேன். பக்கத்து ஊரில் இருக்கிறேன், வருகிறேன் என்றார். ராணிக்கு இடம் வேண்டும் என்று கண்டக்டர் இரண்டு ஆடுகளை அவிழ்த்து, ஈ மொய்க்கிறதே என்று தலையோடு முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டு, பின்பக்கத் தட்டியைத் திறந்து வெளியே ஓட்டினார். மிகச் சரியாக அந்த நேரத்தில் தம்பி வந்து சேர்ந்தார். முகத்தை மூடிய ஆள், கையில் அக்காவின் இரண்டு ஆடு. தம்பி கத்திய கத்தலில் தெரு கூடிவிட்டது.

"ஆட்டுத் திருடன்! புடி, புடி!"

தெருவில் பாதிப் பேருக்குக் கண்டக்டரைத் தெரியும். ஆனாலும் பொழுது போகவேண்டுமே. தம்பி போன் போட்டு, போலீஸ் வந்து, கண்டக்டரும், அவருக்காகப் பேச மாடியிலிருந்து இறங்கி ஓடிய நானும், தம்பியும், இரண்டு ஆடுகளும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆடுகளை யாரும் கூப்பிடவில்லை. கண்டக்டர் பின்னாடியே அவையாக வந்தன.

"ஆட்ட ஏன்யா அவுத்த?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எடம் பத்தலிங்க. சார், என்ன உள்ள வைங்க, வேணான்னு சொல்லல. அங்க மாடு வலியெடுத்து நிக்குதுங்க. வாத்தியாரயாவது அனுப்புங்க."

"உனக்கும் அந்த மாட்டுக்கும் இன்னாய்யா சம்மந்தம்?"

முதல் முறையாகக் கண்டக்டர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன்.

நான் ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போட்டேன். மலையில் சிக்னல் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். ஸ்பீக்கரில் அக்கா குரல் ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது.

"சார், அந்தாளு திருடனா? என் ஆட்டுக்குப் பல்லு எத்தினின்னு அவுருக்குத்தான் சார் தெரியும், எனக்குத் தெரியாது! மொதல்ல அவர வூட்டுக்கு அனுப்புங்க. என் தம்பிய வேணா வச்சிக்கோங்க!"

சப்-இன்ஸ்பெக்டர் தம்பியோடு சேர்த்து எங்களை ஜீப்பிலேயே அனுப்பி வைத்தார். ஆடுகளையும்.

நாங்கள் போனபோது டாக்டரம்மா ஏற்கெனவே கொட்டாயில் முட்டி போட்டிருந்தார். "பின்னங்கால் முன்னாடி வருதுங்க. தலகீழ் கேஸு. சீக்கிரமா இழுக்கணும், லேட்டானா கன்னுக்கு மூச்சு முட்டிடும். ஆள் வேணும்."

"ரிவர்ஸுதான டாக்டர்?" என்று கண்டக்டர் வேட்டியை மடித்துக் கட்டினார். "முப்பது வருசம் மலையில ரிவர்ஸ் பாத்தவன் நானு. நீங்க சொல்லுங்க."

டாக்டரம்மா சொல்லச் சொல்ல, கண்டக்டரும் தம்பியும் நானும் கயிற்றைப் பிடித்து, ராணி முக்கும்போது மட்டும் இழுத்தோம். கண்டக்டர் தன்னை மறந்து, "வரலாம்... வரலாம்... கொஞ்சம் லெப்டு... வரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கன்று சொத்தென்று வைக்கோலில் விழுந்தது. மூச்சில்லை. டாக்டரம்மா மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய் தேய் என்று தேய்த்தார். ஒரு தும்மல். இன்னொரு தும்மல்.

"ரைட்!" என்று கண்டக்டர் போட்ட சத்தத்தில் கோழிகள் கூரை ஏறின.

மறுநாள் மத்தியானம் ஸ்டெல்லா அக்கா வந்தார். அவர் அம்மா பிழைத்துக்கொண்டார். கன்றைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார். சீம்பால் காய்ச்சி ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். கண்டக்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கன்னுக்குக் குடுத்துட்டுத்தான கறந்த?"

"இவுருக்கு நல்லது செய்யறவள செருப்பாலயே அடிக்கணும்" என்று அக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனார்.

நான் இப்போது சின்னசேலத்தில் வேலை பார்க்கிறேன். போன மாசம் கண்டக்டருக்குக் கண்புரை ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒற்றைக் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா அக்கா ஊட்டாத குறையாக இட்லியைப் பிட்டுக் கொடுத்தபடியே அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். மகள் வந்து சேர இரண்டு நாள் ஆகுமாம். கூட இருப்பவர்கள் பெயரை நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா பெயருக்கு எதிரே, உறவுமுறை என்ற இடத்தில், 'பக்கத்து வூடு' என்று இருந்தது.

"நீங்க இவருக்கு இன்னா வேணுங்க?" என்று நர்ஸ் என்னைக் கேட்டார்.

"மாடி வூடு" என்றேன்.

நர்ஸ் அதையும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.