ஒருவேலை அண்ணையும் கிற்றார்க்காரியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே நடந்துகொண்டு கதைக்கத் தெரியாத மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் கோப்பாய்க் கந்தோரில் எனக்கு அடுத்த மேசையில் இருந்தார். பெயர் ஒருவேலை அண்ணை. 'ஒருவேளை' அல்ல, அச்சுப்பிழை என்று நினைத்து யாரும் திருத்திவிட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்வார் என்பதால் கந்தோர் வைத்த பெயர்.

தேத்தண்ணி குடிக்கும்போது மேலதிகாரி கூப்பிட்டாலும் கைகாட்டி நிறுத்துவார். கோப்பை காலியான பிறகுதான் "ஓம் சேர்" வரும். சைக்கிளில் போகும்போது யாராவது சுகம் விசாரித்தால், இறங்கி, ஸ்ராண்ட் போட்டு, "சுகம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறுவார். ஒருநாள் பாதி முகம் மழித்தபடி வேலைக்கு வந்தார். சவரம் செய்கையில் மனைவி ஏதோ கேட்டிருக்கிறார். பதில் சொல்லி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது.

இப்படிப்பட்டவரை நான்தான் குருநகரில் ஒரு றொக் இசை நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போனேன். மேடையில் ஒரு இளம்பெண், கழுத்தில் சிவப்புக் கிற்றார். தானே எழுதிய பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே தந்திகளை வெளுத்து வாங்கினாள். அண்ணை எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி, பாத்தனியே! வாய் ஒண்டு செய்யுது, இடக்கை வேறை, வலக்கை வேறை, கால் தாளம் போடுது. ஒரு பிள்ளைக்குள்ளை நாலுபேர் நிக்கினமடா!"

முடிந்ததும் நேரே மேடைக்குப் பின்னால் போனார்.

"பிள்ளை, பாடேக்கை பாட்டை யோசிப்பீரோ, கையை யோசிப்பீரோ?"

"ஒண்டையும் யோசிக்கிறேல்லை அங்கிள்" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அடுத்த கிழமையே ஒரு கிற்றார் வாங்கினார். ஒரு வருடத்தில் அவளுடைய பாட்டுகள் அத்தனைக்கும் கை பழகிவிட்டது. ஆனால் வாய் திறந்தால் கை நின்றுவிடும். கை அசைந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். கிற்றார் வந்த நாள் தொடக்கம் வீட்டில் நிம்மதி என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

அவளுடைய நிகழ்ச்சி ஒன்றையும் நாங்கள் தவறவிட்டதில்லை. வல்வெட்டித்துறையில் ஒரு பின்னேரம், குறித்த நேரம் கடந்தும் மேடை வெறுமையாகக் கிடந்தது. சனம் விசிலடித்தது. பின்னால் போய்ப் பார்த்தோம். அவள் இடக்கை விரல்களில் பெரிய கட்டு. ஏறிவந்த வான் வண்டியின் கதவு நசித்துவிட்டதாம்.

"பாடுவன் அங்கிள், வாசிக்கேலாது. பொம்பிளைப் பிள்ளைக்கு உது தேவையோ எண்டு கேட்டவை எல்லாரும் முன்வரிசையிலைதான் இருக்கினம்." கண் கலங்கியிருந்தது.

நான்தான் வாயைக் கொடுத்தேன். "உங்கடை பாட்டு முழுக்க இவருக்கு வாசிக்கத் தெரியும்."

அண்ணை என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. ஆனாலும் ஏறினார். சேட்டுப் பையில் கந்தோர்ப் பேனை. கழுத்தில் சிவப்புக் கிற்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வாசித்தார் பாருங்கள்! இரண்டு பாட்டுப் பிசகாமல் போனது. மூன்றாவதில் சந்தோசம் தாங்காமல் அவரும் பாடத் தொடங்கினார். உடனே கை நின்றது. ட்ரம்ஸ்காரன் தடுமாறினான். ஒலிபெருக்கியில் அவள் குரல் கடல்வரை கேட்டது:

"அங்கிள், வாயை மூடுங்கோ!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணை வாயை மூடினார். கை பிய்த்துக்கொண்டு ஓடியது. கடைசிப் பாட்டுக்கு முன்வரிசையும் எழுந்து நின்று கைதட்டியது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முகம் வாடியிருந்தது.

"என்னண்ணை, எல்லாரும் உங்களைப் பற்றித்தான் கதைக்கினம்."

"என்னத்தைக் கதைச்சென்ன? அந்தப் பிள்ளை பாடிக்கொண்டு வாசிக்கிறதை இண்டைக்குப் பாக்கக் கிடைக்கேல்லை."

விரல் ஆறியபிறகு பண்டத்தரிப்பில் பாடினாள். தொடங்குமுன் மைக்கிலேயே அவரை மேடைக்கு அழைத்தாள். சனம் திரும்பிப் பார்த்தது. அவர் அசையவில்லை.

"நீர் வாசியும் பிள்ளை. நான் பாக்க வந்தனான்."

அவள் தொடங்கினாள். மேடையில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கண் வெட்டாமல் நின்ற அந்த மனிதரின் முகத்தைத்தான் நான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.