பெனிட்டோ வீட்டில் மட்டும் திறந்த இணையதளம்

உயிரினப் பட்டியல் எழுதியவர்கள் ஓர் இனத்தை விட்டுவிட்டார்கள்: இணையதளம் செய்யக் கற்கத் தொடங்குபவர். கற்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு ரகம். இவர் தொடங்குபவர். நேற்றும் தொடங்கினார், இன்றும் தொடங்குகிறார், நீங்கள் அடுத்த ஆண்டு வந்து பார்த்தாலும் தொடங்கிக்கொண்டிருப்பார்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரியைக் காண, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் சாலையில் பெனிட்டோ வீட்டுக்கு வர வேண்டும். துறைமுகத்தில் வேலை. எதிலிருந்து தொடங்குவது என்று நாற்பத்தேழு காணொளிகள் பார்த்தார். ஒவ்வொன்றும் மற்ற நாற்பத்தாறையும் நம்பாதே என்றது. கறுப்புத் திரை கண்ணுக்கு நல்லது என்றார்கள், மாற்றினார். தட்டினால் சத்தம் வரும் கீபோர்டில்தான் சிந்தனை ஓடும் என்றார்கள், வாங்கினார். முதுகைத் தாங்கும் நாற்காலி வேண்டும் என்றார்கள், அதுவும் வந்தது, அதில் பூனை படுத்தது. பயிற்சி மையக்காரர்கள் சேர்ந்த அன்றே சான்றிதழ் கொடுத்தார்கள். அவர்கள் படிப்பையா விற்கிறார்கள்? தொடக்கத்தை விற்கிறார்கள்.

கணினிக்குப் பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். ஆயுத பூஜையன்று நண்பர் அசோகன் குங்குமம் வைத்து, நசுக்கச் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் உருட்டிவிட்டார். இரண்டு மதங்கள் இவ்வளவு ஒற்றுமையாகக் காவல் நின்ற கணினி வடசென்னையில் வேறில்லை. திறந்து படிக்கத்தான் ஆளில்லை.

இப்படி இருக்கையில் சிலுவையம்மாள் வந்தார். கழிமுகத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர். பக்கத்து ஆலை விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்டிருந்தது. ‘அப்பகுதியில் மீன்பிடிப்பு இல்லை’ என்று அதன் அறிக்கை சொன்னது. இடுப்பளவு நீரில் நிற்கிற பெண்ணைப் பார்த்து, நீ இல்லை என்று அச்சடிக்க எவ்வளவு படித்திருக்க வேண்டும்! கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது.

“இன்னா நைனா, வெப்சைட்டு வேல தெரியுமாமே. நாங்க இறால் புடிக்கிற போட்டோ ரெண்டு வருசத்துக்கு வச்சிகினு கீறேன். அல்லாத்தையும் போட்டுக் குடு. மீட்டிங்குக்கு முந்தி ஊரே பாக்கணும்.”

“பண்ணிடலாங்க்கா. ஃபாண்டுதான் பாத்துகினு கீறேன்.”

“பேண்டா? நான் இன்னா கண்ணாலத்துக்கா கூப்புட்றேன்?”

“எழுத்து ஸ்டைலு அது, அக்கா.”

பன்னிரண்டு நாள் போயிற்று. இணையப் பக்கத்துக்கு நீலம் பூசுவதா பச்சை பூசுவதா என்று பெனிட்டோ தீவிரமாக யோசித்தார். கழிமுகம் சாம்பல் நிறமாகி நான்காண்டு ஆகியிருந்தது.

பதின்மூன்றாம் நாள் அதிசயம் நடந்தது. பக்கம் திறந்தது, படங்கள் வரிசையாக வந்தன. பெனிட்டோ திரையின் உச்சியில் தெரிந்த முகவரியை அப்படியே நகலெடுத்து ஐந்நூறு துண்டறிக்கை அடித்தார். சிலுவையம்மாள் ஷேர் ஆட்டோவிலும் மாதா கோயில் வாசலிலும் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியோடு திரும்பி வந்தார்.

“ஒர்த்தன் போன்லயும் தொறக்கல.”

“உங்க நெட்டு ஸ்லோக்கா. என் வூட்ல சூப்பரா தொறக்குது.”

“அப்போ கலெக்டர உன் வூட்டாண்ட இட்டுகினு வரட்டா?”

பெனிட்டோவின் தங்கை ஜானட் துண்டறிக்கையை வாங்கிப் பார்த்தாள். ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். முகவரி ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கி, ‘பெனிட்டோ’ வழியாக, ‘டெஸ்க்டாப்’ வரை போயிற்று.

“ணா, இது வெப்சைட்டு அட்ரஸு இல்ல. உன் கம்ப்யூட்டர்ல அந்த ஃபைலு எங்க கீதுன்னு போட்டுக்கீது. வூட்டு பீரோவுல ரெண்டாவது தட்டுன்னு நோட்டீஸு அடிச்சிட்ட.”

சாப்பாட்டு நேரத்தில், விரிசல் விட்ட போனில், யாருக்கும் அறிவிக்காமல் ஓராண்டாக இந்த வேலையைக் கற்றிருந்தாள். நாற்காலியில் பூனை இருந்ததால் தரையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் படங்களை இணையத்தில் ஏற்றினாள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி. மீதித் துண்டறிக்கைகளில் இரண்டு பெண்களும் பழைய முகவரியை அடித்துப் புதியதைப் பேனாவால் எழுதினார்கள்.

கூட்டத்தில் அதிகாரி ‘மீன்பிடிப்பு இல்லை’ என்று வாசித்ததும், பந்தல் முழுக்கப் போன்கள் உயர்ந்தன. எல்லாவற்றிலும் சிலுவையம்மாளின் கை, கைநிறைய இறால். நியாயம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அதிகாரிகள் அறிக்கையிலிருந்து அடித்து நீக்கினார்கள். பொய்யில் ஒரு வரி குறைந்தது.

கடைசி வரிசையில் பெனிட்டோ பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“ஃபாண்டு சரியில்ல ஜானட்டு.”

“மாத்திக் குடேன்ணா.”

“அதுக்குத் தனியா ஒரு கோர்ஸு கீது. திங்கக்கெழம தொடங்கறேன்.”

சிரிக்கிறீர்களே, உங்கள் போனில் ‘பிறகு பார்க்க’ என்று சேர்த்து வைத்த பாடங்கள் எத்தனை? வேண்டாம், எண்ணாதீர்கள். அதையும் திங்கட்கிழமைதான் தொடங்குவீர்கள்.