எட்டாம் நம்பர் காலியாகும் வரை

கூடாரம் மூன்றாவது தடவை பறந்தபோது கர்ட்டிஸ் துரத்தவில்லை. முதல் தடவை கால் மைல் ஓடியிருந்தான். இரண்டாம் தடவை ஒரு செருப்பைப் பறிகொடுத்திருந்தான். எங்கே போய்விடப் போகிறது, ஏதாவது முட்புதரில்தான் மாட்டும் என்று இப்போது அனுபவம் வந்துவிட்டது. காப்பியை முழுசாகக் குடித்துவிட்டு நிதானமாக நடந்துபோய், முள்ளை எடுத்து, சுருட்டிக்கொண்டு வந்தான். காப்பியில் பாதி மணல்.

அரிசோனா பாலைவனத்தில் நவம்பர் காற்றுக்குக் கருணை கிடையாது. ஆனால் கர்ட்டிஸ் பயந்தது காற்றுக்கு அல்ல, மாமனாருக்கு.

மாமனார் ராய்ஸ் தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி நாள் விடுமுறைக்கு வருஷா வருஷம் குடும்பத்தோடு இந்த முகாமுக்குத்தான் வருவார். முன்பதிவு கிடையாது, முந்தியவருக்கு இடம். எப்போதும் அவரே முதல் ஆளாக வந்து பிடிப்பார். இந்த வருஷம் முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டதால் வேறு வழியில்லாமல் வேலையைக் கர்ட்டிஸிடம் கொடுத்திருந்தார். ஏழாம் நம்பர் இடமும் வேண்டும், எட்டாம் நம்பரும் வேண்டும். ஏழில் கூடாரம், எட்டில் அவருடைய பஸ் நீள வீட்டு வண்டி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவாராம்.

சொன்னதைச் செய்கிற மனுஷன். போன வருஷம் கர்ட்டிஸ் வான்கோழியைப் பொரிக்கிறேன் என்று கிளம்பி நிழல்பந்தலைக் கொளுத்திவிட்டான். தீயணைப்புக் கேப்டனின் பந்தல். அதற்கு முன்பும் அவர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகள் டெனிஸைக் கட்டிய ஒன்பது வருஷமாக அவன் "டெனிஸோட புருஷன்"தான். இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்தால் ஒருவேளை பேர் கிடைக்கலாம்.

காலை எட்டு மணிக்கு வந்தபோது ஏழு காலியாக இருந்தது. எட்டில், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற குட்டி வீடு மாதிரி, ஒரு வெள்ளை டிரெய்லர் மட்டும் நின்றது. இழுக்கிற வண்டியையும் காணோம், ஆளையும் காணோம். கம்பத்தில் செருகியிருந்த சீட்டில், கிளம்பும் நாள் இன்றைய தேதி. பதினோரு மணிக்குள் காலி செய்தாக வேண்டும். பிரமாதம், காத்திருந்தால் போதும் என்று கர்ட்டிஸ் உட்கார்ந்தான்.

உட்கார விட்டால்தானே. முகாமைப் பார்த்துக்கொள்ளும் டாட்டி அம்மாள் தன் குட்டி வண்டியில், மடியில் அட்டையோடு வந்து நின்றாள்.

"தம்பி, கூடாரம் நிமிர்ந்து நின்னாத்தான் ஏழு உங்களுது. படுத்துக் கிடந்தா காலின்னு எழுதிடுவேன். எட்டு காலியானா, வாசல்ல யாரு வண்டி முதல்ல நிக்குதோ அவங்களுக்கு."

ஆக கூடாரம் நின்றே ஆக வேண்டும். மணலில் முளை அடித்தால் வெண்ணெயில் குச்சி செருகியது மாதிரி வந்துவிட்டது. கல்லைத் தூக்கி வைத்தான், கல்லோடு சேர்த்து இழுத்தது காற்று. கடைசியில் இரண்டு கயிற்றை சிமெண்ட் மேசையில் கட்டினான். ஒன்றைத் தன் காரில் கட்டினான். காற்று வரும் பக்கத்தில் கட்ட ஒன்றுமே இல்லை, அந்த வெள்ளை டிரெய்லரைத் தவிர.

மரியாதைக்குக் கதவைத் தட்டிப் பார்த்தான். பதில் இல்லை. ஆள் வந்தால் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நான்கு கயிற்றை டிரெய்லரில் கட்டினான். ஒன்று கதவுக்குக் குறுக்கே போனது. கூடாரம் கும்மென்று நிமிர்ந்து நின்றது. கர்ட்டிஸ் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டான்.

பத்தரைக்கு ஒரு நீல வண்டி மெதுவாக வந்தது. மினசோட்டா நம்பர். உள்ளே ஒரு கிழவர், ஒரு கிழவி. எட்டாம் நம்பர் வாசலில் நின்று டிரெய்லரைப் பார்த்தார்கள், கூடாரத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி நின்றார்கள். மூன்றாவது சுற்றில் கர்ட்டிஸுக்கு விளங்கிவிட்டது. எட்டுக்குப் போட்டி வந்துவிட்டது.

முகாம் முழுக்க நிறைந்திருந்த நாள் அது. இடம் தேடி அலைகிற வண்டிகள் காலையிலிருந்தே சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இவர்களைப் போல எதிரே வண்டியை நிறுத்திவிட்டு டிரெய்லரையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு யாரும் உட்காரவில்லை.

கர்ட்டிஸ் உடனே தன் காரை எடுத்து எட்டாம் நம்பர் வாசலில் குறுக்கே நிறுத்தினான். யார் வண்டி முதலில்? இவன் வண்டிதான். ஆனால் காரில் கட்டியிருந்த கயிறு இப்போது அந்தரத்தில் ஆடியது. அதையும் கொண்டுபோய் டிரெய்லரின் மூக்கில், இழுக்கிற வண்டியோடு மாட்டும் கொக்கி இருக்கிற இடத்திலேயே, ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

கிழவர் இறங்கி வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். பெயர் ஆர்விட்டாம், மனைவி மார்லிஸாம். மினசோட்டாக்காரர்களைப் பற்றி ஊரில் சொல்வதுண்டு: நாம் அவர்கள் காலை மிதித்தாலும் மன்னிப்பு அவர்கள்தான் கேட்பார்கள். ஆர்விட் வரும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"காத்து லேசா இருக்கு, இல்ல தம்பி?" என்றார். அந்த நேரம் அடுத்த இடத்து நாற்காலி ஒன்று அவர்களைத் தாண்டிப் பறந்து போனது.

"லேசாத்தான் இருக்கு சார்."

"கயிறெல்லாம் ரொம்ப நல்லாக் கட்டியிருக்கீங்க." அவர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது இப்படியே எத்தனை நேரம் இருக்கும்?"

வேவு பார்க்கிறார் கிழவர் என்று கர்ட்டிஸ் உஷாரானான். "நாலு நாள் சார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அசைய மாட்டேன்."

மார்லிஸ் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு நாளா," என்றாள் மெல்ல. இருவரும் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பதினோரு மணி ஆனது. டிரெய்லர்க்காரனைக் காணோம். பன்னிரண்டு. காணோம். சுத்தப் பொறுப்பில்லாத ஜென்மம் என்று கர்ட்டிஸ் வாய்விட்டே திட்டினான். காற்றில் டிரெய்லர் ஆடியது, அது ஆடினால் கூடாரமும் ஆடியது. பாறைகளாகப் பார்த்து உருட்டிக்கொண்டு வந்து டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடை கொடுத்தான். முதுகு விட்டுப்போயிற்று. நீல வண்டிக்குள் மார்லிஸ் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டது போலத் தெரிந்தது. மணல் விழுந்திருக்கும்.

ஒரு மணிக்கு அவள் எலுமிச்சைக் கேக் டப்பாவோடு வந்தாள். காலையில் நாற்பது மைல் தள்ளி டவுனில் சாப்பிடப் போனபோது வாங்கியதாம். லஞ்சம் என்று கர்ட்டிஸுக்குப் புரிந்தது. ஆனாலும் மூன்று துண்டு சாப்பிட்டான். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள், அதைப் பார்க்க அவனுக்குப் பாவமாகவும் இருந்தது.

"ஸ்வெட்டர் இல்லையாம்மா?"

"இருக்கு தம்பி. உள்ள இருக்கு. பரவால்ல, எடுத்துக்கலாம், அவசரமில்ல."

வண்டிக்குள் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு குளிரில் நிற்கிற ஜாதியும் உலகத்தில் உண்டா என்று வியந்து, தன் கம்பளியைக் கொடுத்தான். அவள் பத்து தடவை நன்றி சொன்னாள். மூன்று மணிக்கு ஆர்விட் வந்து, மினசோட்டா ரொம்ப தூரம், ஓட்டினால் மூன்று நாள் ஆகும், பகலில் ஓட்டுவதுதான் தனக்குப் பழக்கம் என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கிழவருக்குப் பேச்சுத்துணை இல்லை போல என்று நினைத்தபடி, கர்ட்டிஸ் கயிறுகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.

சரியாக நாலு மணிக்கு ராய்ஸின் பஸ் நீள வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை. ஜன்னல் மட்டும் இறங்கியது.

"எட்டு எங்கே?"

பக்கத்தில் டாட்டி அம்மாளின் குட்டி வண்டியும் வந்து நின்றது. கொஞ்சம் தள்ளி ஆர்விட்டும் மார்லிஸும், ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு. ஆனது ஆகட்டும் என்று கர்ட்டிஸ் பொரிந்து தள்ளினான். காலை எட்டு மணியிலிருந்து தான் இங்கேயே நிற்பதை, தண்ணீர்கூடக் குடிக்காததை, வாசலை விட்டு நகராததை எல்லாம் சொன்னான். எல்லாம் செய்தும் என்ன பிரயோஜனம், பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டிய டிரெய்லர்க்காரர்கள் இன்னும் கிளம்பவில்லையே. மற்றவர் கஷ்டத்தைப் பற்றி ஒரு துளி நினைப்பு இருக்கிற மனுஷர்கள் செய்கிற காரியமா இது?

ராய்ஸ் அவனுடைய முள் கீறிய கையைப் பார்த்தார். செருப்பில்லாத காலைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

"நீ சொல்றது நியாயம்தான், கர்ட்டிஸ்."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. ராய்ஸ் ஊன்றுகோலோடு இறங்கி நின்று, கேப்டன் குரலில் முகாமே கேட்கும்படி கேட்டார்.

"யாருய்யா அந்த அறிவுகெட்ட ஜென்மங்க?"

ஆர்விட் தொப்பியைக் கழற்றினார். பள்ளிக்கூடத்தில் தூக்குவது போலக் கையைப் பாதி தூக்கினார்.

"மன்னிச்சுக்குங்க சார், நாங்கதான்," என்றார். "பதினோரு மணிக்கே கிளம்பியிருப்போம். தம்பி கூடாரத்தை எங்க டிரெய்லர்ல கட்டியிருக்காரு, அவிழ்க்கச் சொன்னா சங்கடப்படுவாரேன்னுதான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்துட்டுப் போகலாம்னு முடிவு பண்ணிட்டோம்."